‘கேஷ்’ காசிலிருந்து வந்ததா? ஒரே சொல்லை வைத்து மூன்று அகராதித் தளங்களைச் சோதித்துப் பார்த்தேன்

ஓர் அகராதியை நம்பத் தொடங்குவதற்கு முன், எனக்கு நன்றாகப் பழகிய ஒரு சொல்லை அதில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைப் போன்றதுதான் அதுவும். சில ஆண்டுகளாக அந்தச் சோதனைக்கு நான் வைத்திருக்கும் சொல் ‘கேஷ்’. வணிகவியலைத் தமிழில் கற்பிப்பவனுக்கு இதைவிட அன்றாடமான ஆங்கிலச் சொல் கிடைப்பது கடினம். பாடநூல் ‘ரொக்க ஏடு’ என்று அச்சிட்டிருந்தாலும் மாணவர் வாயில் வருவது கேஷ் புக்தான். கடையில் கேஷ் கவுண்டர், வீட்டு வாசலில் கேஷ் ஆன் டெலிவரி. ஒலியிலும் பொருளிலும் அது நம்முடைய ‘காசு’ என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்பதால், அதன் பிறப்பைப் பற்றித் தமிழர் எல்லோரிடமும் ஒரு விடை தயாராக இருக்கிறது. அந்த விடையை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் அகராதியும் பயன்படாது, ஆராயாமல் ஒதுக்கும் அகராதியும் பயன்படாது என்பதால்தான் இதைச் சோதனைச் சொல்லாக வைத்தேன்.

இந்தச் சோதனை எனக்குத் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைத் தொகுத்ததாகச் சொல்லும் ஒரு சிறு கையேட்டைப் புத்தகக் கண்காட்சி ஒன்றில் வாங்கியிருந்தேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர், பறை ஆகியவற்றின் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொற்களெல்லாம் அதில் சரியாகவே இருந்தன. அவற்றோடு ‘காசு என்பதே கேஷ் ஆயிற்று’ என்ற வரியும் எந்த விளக்கமும் இல்லாமல் இருந்தது. அதை அப்படியே நம்பி வகுப்பில் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “சார், எங்க அண்ணன் இத்தாலியில இருக்காரு. அங்க கடையில பணம் கட்டுற இடத்துல காஸ்ஸான்னு எழுதியிருக்கும்னு சொல்லியிருக்காரு. அவங்களும் நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார். கேள்வியில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். என்னிடம் விடை இல்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு அன்று மாலை அகராதிகளின் முன் அமர்ந்தேன். அன்று தொடங்கி இன்றுவரை மூன்று தளங்களைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் திறந்தது டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தனி முயற்சியாக உருவாக்கிய இணையச் சொற்பிறப்பு அகராதி. இலவசமாகப் பயன்படுத்தலாம், கைப்பேசியில் விரைவாகத் திறக்கும், ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான். ‘கேஷ்’ என்ற தலைச்சொல்லின் கீழே உள்ள அந்த ஒரு பத்தியே மாணவியின் கேள்விக்கு முக்கால் பங்கு விடை தந்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘கெஸ்’, இத்தாலியச் சொல் ‘காஸ்ஸா’. இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘காப்ஸா’. பெட்டிக்குள் இருந்த பணத்தின் பொருள் வலுத்து, 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டியின் பொருள் மறைந்துபோயிற்று. அடைத்து வைக்கும் கலத்தின் பெயர் அடைபட்ட பொருளுக்கு ஆவது நமக்குப் புதிதன்று. தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று பெயரே உண்டு. “இரண்டு தட்டு சாப்பிட்டேன்” என்று சொல்பவர் தட்டைச் சாப்பிடுவதில்லை.

ஹார்ப்பரின் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் அதன் உறவுச் சொற்களுக்கு உடனே தாவ முடிவதுதான். ‘காப்ஸா’ என்பது ரோமானியர் ஏட்டுச் சுருள்களைச் செங்குத்தாக அடுக்கி எடுத்துச் சென்ற உருளைப் பெட்டி. ‘பிடி, கொள்’ என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்தப் பெட்டியின் வழித்தோன்றல்களாக நாம் நாள்தோறும் கையாளும் பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தபோது வியப்பாக இருந்தது: மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் சிறு பெட்டி, ஒரு காலத்தில் பாட்டுக் கேட்ட கேசட்டும் சிறு பெட்டி, மூக்குக்கண்ணாடியை வைக்கும் கேஸும் அதே பெட்டி. வங்கியில் அமர்ந்திருக்கும் கேஷியர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால், படையிலிருந்து ஓர் அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லோ, உடைத்தல், செல்லாததாக்குதல் என்ற பொருளுடைய வேறொரு சொல்லிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றாகாது என்பதை இந்த ஒரு இணையே மாணவருக்குக் காட்டிவிடும்.

பெட்டி மறைந்துபோயிற்று என்று மேலே எழுதினேன். அது ஒரு முறை திரும்பியும் வந்தது. 1879-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், பணியாளர் கையாடலைத் தடுக்க ஒரு கணக்கு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த கேஷ் ரெஜிஸ்டரில் விசையை அழுத்தினால் இழுப்பறை திறக்கிறது. பெட்டி என்ற பழைய பொருளை இழந்த சொல், இப்படி மறுபடியும் ஒரு பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பத்தியின் இறுதியில்தான் தமிழ் வருகிறது. காலனிய ஆங்கிலத்தில் இந்திய, சீனச் சிறுகாசுகளைக் குறித்த ‘கேஷ்’ தமிழின் காசிலிருந்து வந்த வேறு சொல் என்றும், பணத்தைக் குறிக்கும் கேஷுக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை என்றும் ஹார்ப்பர் எழுதுகிறார். தெளிவான தீர்ப்பு; ஆனால் சான்றுகளைக் காட்டாத தீர்ப்பு. எந்த நூலில், எந்த ஆண்டில், யார் எழுதினார் என்று வாசகர் கேட்டால் இந்தத் தளத்தின் சுருக்கமான வடிவம் அதற்கு இடம் தருவதில்லை. பள்ளி மாணவருக்கும் அவசரமாகச் சரிபார்க்கும் எழுத்தாளருக்கும் இது போதும். மரபாக நம்பப்படும் ஒரு கருத்தை மறுக்க வேண்டிய இடத்தில் எனக்குப் போதவில்லை.

சான்றுக்காக ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குச் சென்றேன். 1884-இல் முதல் பகுதி வெளிவந்து, 1928-இல் முழுமை பெற்று, 1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்புக் கண்டு, 2000-இல் இணையத்துக்கு வந்த இந்த அகராதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதன் முறை வேறு. ஒரு சொல்லுக்கு இன்று எந்தப் பொருள் பெருவழக்கு என்று இது வரிசைப்படுத்துவதில்லை. எந்தப் பொருள் முதலில் தோன்றியதோ அதை முதலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் காலவரிசையில் மேற்கோள்களை அடுக்குகிறது. அதனால் பெட்டி என்ற பொருள் இங்கே முதலிடத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, ‘கேஷ்’ என்ற பெயர்ச்சொல்லையே இரண்டு தனித் தலைச்சொற்களாகப் பிரித்து எண்ணிட்டிருப்பது. முதலாவது லத்தீன் பெட்டி. இரண்டாவது தமிழ்க் காசு. ஒரே மாதிரி உடுத்திய இருவரைத் தனித்தனி வீட்டில் குடிவைத்த இந்த ஒழுங்கைக் கண்ட பிறகுதான், நான் வகுப்பில் சொன்னது எந்த இடத்தில் பிழை, எந்த இடத்தில் பிழையன்று என்பது எனக்கே விளங்கியது. தனியாகச் சந்தா கட்டியோ, கட்டணம் செலுத்திய நூலகம் அல்லது பல்கலைக்கழகம் வழியாகவோதான் முழுமையாகப் படிக்க முடியும் என்பதால், இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. வாய்ப்புள்ளவர்கள் விட்டுவிட வேண்டாம்.

என் மனத்தைக் கவர்ந்தது மூன்றாவது சேவை. சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பு அது. கட்டணமின்றி, பதிவும் இன்றி, தெற்காசிய மொழிகள் பலவற்றின் பேரகராதிகளை அங்கே தேடலாம். தமிழுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், ஃபெப்ரீஷியஸ் அகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தலைச்சொல்லில் மட்டுமன்றி உள்ளடக்கம் முழுவதிலும் தேடலாம் என்பது சொல்லாராய்ச்சி செய்பவருக்குப் பெரிய வசதி. பேரகராதித் தொகுதிகளை நூலக அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் புரட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால், இதை எழுதும்போது நன்றி மிகுகிறது.

கேஷ் பற்றிய தேடலில் இங்கே கைகொடுத்தது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியானது. வில்லியம் குரூக் திருத்திய 1903-ஆம் ஆண்டுப் பதிப்புத்தான் இத்தளத்தில் உள்ளது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். தம் நூல் அச்சாகும் முன்பே, 1882-இல் மறைந்துவிட்டார். தஞ்சையில் காசு புழங்கிய மண்ணில் வாழ்ந்த ஒருவரின் கை இதில் பட்டிருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு முறையும் இந்தப் பதிவைப் படிக்கிறேன்.

அந்தப் பதிவு சொல்வது இது: இந்தியக் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் தமிழின் ‘காசு’ என்ற சொல்லைக் கேட்டு, அதைக் ‘கைஷா’ என்று எழுதினர். போர்த்துகீசிய மொழியில் ‘கைஷா’ என்பது ஏற்கெனவே பெட்டிக்குப் பெயர். அதுவும் லத்தீன் காப்ஸாவின் வாரிசு. காதில் விழுந்த அயல்சொல்லைத் தங்களுக்குத் தெரிந்த எழுத்துருவில் அவர்கள் போட்டுவைத்ததால், இருவேறு சொற்கள் ஒரே உடையை அணிந்துகொண்டன. ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ ஆக்கியபோது, தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த பெட்டிக் கேஷுடன் அது மேலும் ஒட்டிக்கொண்டது. கையேட்டு ஆசிரியரும் நானும் தடுமாறியது இங்கேதான். தடுமாற்றத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

ஹாப்சன்-ஜாப்சனின் உண்மையான சுவை அதன் மேற்கோள்களில் இருக்கிறது. 1510-ஆம் ஆண்டுக்குரிய பயணி வர்தேமாவின் குறிப்பில், கோழிக்கோட்டில் ஒரு குரங்கின் விலை நான்கு காசு என்று வருகிறது. ஒரு குரங்குக்கு ஏன் நான்கு காசு என்பது விளங்கவில்லை என்று தொகுப்பாசிரியர்கள் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்கள். 1711-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, பத்துக் காசு ஒரு துட்டு, எட்டுத் துட்டு ஒரு பணம் என்று கணக்குத் தருகிறது. “கையில துட்டு இல்ல” என்று இன்றும் சொல்கிறோமே, அந்தத் துட்டு ஒரு காலத்தில் திட்டமான மதிப்புடைய நாணயமாக இருந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது 1818 வரை தென்னிந்தியாவில் நடப்பிலிருந்த முறை. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. மாணவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து, பத்து வராகன் கடனுக்கு வட்டி போடச் சொன்னால், தசம முறையின் அருமையை அவர்கள் தாமாகவே உணர்கிறார்கள்.

அந்த முறைக்காக இங்கிலாந்தில் அச்சடிக்கப்பட்ட செப்பு நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலச்சினையும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ்’ என்ற வாசகம். அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபதும், ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்ற சொல்லும். விரலால் தடவினால் அந்த நான்கு எழுத்துகளும் இன்னும் மேடாகத் தட்டுப்படுகின்றன. இந்த வகை நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் கடலடியிலிருந்து பெருந்தொகையாக நாணயங்கள் மீட்கப்பட்டன. ஆங்கில நாணயத்தில் பொறிக்கப்பட்ட ‘கேஷ்’ தமிழ்ச் சொல்லே என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் இதுதான். அதே காசைத் தரங்கம்பாடியில் டேனியர் ‘காஸ்’ என்றும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘காஷ்’ என்றும் எழுதினர். திருவிதாங்கூர் அரசின் செப்பு நாணயங்களிலும் கேஷ் உண்டு. இதற்கும் அப்பால், நடுவில் சதுரத் துளையுள்ள, ஆயிரமாகக் கயிற்றில் கோத்து எண்ணப்பட்ட சீனச் செப்புக்காசையும் போர்த்துகீசியர் அதே பெயரால் அழைக்க, இன்றுவரை உலக நாணயவியலில் அதற்குக் கேஷ் என்றே பெயர். உலகத்தின் ரொக்கத்துக்கெல்லாம் தமிழ் பெயர் கொடுத்தது என்று சொல்வது பொய். நம் சிறு செப்புக்காசின் பெயர் சீனம் வரை போய் நிலைத்தது என்பது உண்மை. பெருமைப்படுவதற்கு எனக்கு இந்த உண்மையே நிறைவாக இருக்கிறது.

இந்தத் தொகுப்பில் தமிழ்ப் பேரகராதி வழியாகக் காசு என்ற சொல்லையும் பார்க்காமல் எழுந்துவிடக் கூடாது. நாணயம் மட்டுமன்றி மணி, குற்றம் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்துக்கு, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த ஒற்றைப் பொற்காசு உவமையாகிறது. வாங்கவும் விற்கவும் அன்றி, அணியாகக் கோக்கவும் இருந்தது அந்தக் காசு. ‘காசறு விரையே’ என்று கோவலன் கண்ணகியைப் புகழும்போதோ காசு என்றால் குற்றம். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லிப் பழகியவர்களுக்கு இன்னொரு காசும் தெரியும். ஆங்கிலக் கேஷ் இரண்டாகப் பிரிவதைக் கண்டு வியக்கும் நாம், நம் சொல்லுக்குள்ளேயே இத்தனை கிளைகள் இருப்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

குறை சொல்ல வேண்டுமானால், சிகாகோ தளம் பழைய அச்சு நூல்களை உள்ளது உள்ளபடியே தருகிறது என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும். ஹாப்சன்-ஜாப்சனில் ஆட்சியாளரின் குரல் பல இடங்களில் தலைதூக்கும். தமிழின் காசை அது சமஸ்கிருதத்தின் ‘கர்ஷம்’ என்ற எடைப்பெயரோடு இணைப்பதையும் 1903-ஆம் ஆண்டின் கருத்து என்ற அளவிலேயே கொள்ள வேண்டும். பின்னர் வந்த ஆய்வுகள் எவையும் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்க மாட்டா. இந்த எச்சரிக்கையோடு பயன்படுத்தினால், சொல்லாராய்ச்சிக்கு இதற்கு ஈடான இலவசச் சேவை தமிழருக்கு வேறில்லை என்பது என் மதிப்பீடு. விரைவுக்கு ஹார்ப்பர், பிரித்தறியும் நுட்பத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு, உட்கார்ந்து படிக்கச் சிகாகோ என்பது என் மேசையில் இன்று நிலவும் ஒழுங்கு.

மறுநாள் அந்த மாணவியிடம், “நீ கேட்டது சரிம்மா, நான் சொன்னதுதான் தப்பு” என்று கூறி, கரும்பலகையில் இரண்டு கேஷ்களையும் தனித்தனியே எழுதிக் காட்டினேன். அந்தக் கையேட்டை நான் ஒதுக்கவில்லை. காசு பற்றிய வரியின் ஓரத்தில் ‘சென்னைக் காசையும் சீனக் காசையும் குறிக்கும் கேஷ் மட்டும்’ என்று பென்சிலால் எழுதி, வகுப்பு அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.